சூடான தோசை ரெண்டு பேருக்கும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நானும் எங்க வீட்டுக்காரரும் புதன்கிழமைதோறும் சாயங்காலம் வெளியே போய்ச் சாப்பிடுகிறோம். ரெண்டு பேரும் பணி ஓய்வு பெற்றதிலிருந்து இது வழக்கம். சொந்தத்தில் இது ஒரு செய்தியாகிவிட்டது. "மதினி வீட்ல இப்பல்லாம் அடுப்பே பத்த வைக்கிறதில்லையாம்ல" என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேச்சு வந்ததாம். இன்னொருவர் நேரிலேயே கேட்டார்: "பென்சன் காசைக் கொண்டுபோய் ஹோட்டல்ல கொட்டணுமா அத்தை?" கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் 36 வருடம் கரும்பலகை முன்னால் நின்று பழகியவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாது. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். வயதான தம்பதி சேர்ந்து வெளியே போய்ச் சாப்பிட வேண்டும். வீட்டில் இருவரும் சமைக்கவும் வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது தேவையில்லை என்று ஆகாது, ரெண்டுமே வேண்டும். இதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களுக்குத் தோசையிலிருந்து விளக்கம் சொல்கிறேன்.

சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் ஆக்கி இறக்கி வைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரலாம். இட்லிகூட ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வந்துவிடும். தோசை அப்படி இல்லை. ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும், எடுத்த உடனே சாப்பிட வேண்டும். அப்படியானால் வீட்டில் ஒருவர் நின்றுகொண்டே இருந்தாக வேண்டும். யார் நிற்பது என்று எந்த வீட்டிலும் பேசி முடிவு செய்வதில்லை. "இன்னொண்ணு நல்லா முறுகலா" என்று கூடத்திலிருந்து சத்தம் வரும். எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டு, பாத்திரத்தை வழித்த மாவில் ரெண்டு தோசை ஊற்றிக்கொண்டு, ஆறிப்போன சட்னியோடு அவள் உட்காரும்போது மற்றவர்கள் கை கழுவி டிவி முன்னால் இருப்பார்கள். பூரி, சப்பாத்தி, ஆப்பம், அடை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நம் வீட்டுப் பெண்கள் ஆயுசில் ஆயிரக்கணக்கான தோசை சுட்டிருப்பார்கள். கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்ட தோசை எத்தனை என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் யோசித்துப் பார்த்து ஒரு ஹோட்டல் பேரைத்தான் சொல்வார்கள்.

ஹோட்டல் மேஜையில் கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்காருகிறார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சூடாக வருகிறது. பாதியில் எழுந்து போக வேண்டியதில்லை. "போதுமா, இன்னும் வைக்கவா?" என்று அவளை ஒருவர் கேட்கிறார். நாங்கள் ரெண்டு பேருமே வேலைக்குப் போனவர்கள். காலை எட்டரைக்குள் டிபன் பாக்ஸ் கட்டி ஓடிய வருடங்களில், முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்ட நாட்கள் கல்யாண வீடுகளிலும் கோயில் அன்னதானத்திலும்தான். அங்கேயும் ஆண்கள் பந்தி, பெண்கள் பந்தி!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். ஈடுபட்டவர்களிலும் பெண்கள் செலவழித்தது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 299 நிமிடம் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பள்ளிக்கூடத்தில் ஆறேழு பீரியடு. சனி ஞாயிறு லீவு கிடையாது, முழு ஆண்டு விடுமுறை கிடையாது.

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயதை 2021-ல் 60 ஆக்கினார்கள். அடுப்படிக்கு ஓய்வு வயது என்ன? நான் பணி ஓய்வு பெற்ற மறுநாள், சொந்தத்தில் ஒரு பெரியவர் எங்க வீட்டுக்காரரிடம் சொன்னது: "இனிமே உனக்கு ராஜபோகம்தான், வேளாவேளைக்குச் சூடாக் கிடைக்கும்." ஓய்வு பெற்றது நான். ராஜபோகம் அவருக்கு!

இனி காசு விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போகிற இடங்களில் இருவரும் டிபன் சாப்பிட்டுக் காபி குடித்தால் 250 முதல் 300 ரூபாய் ஆகிறது. மாதம் நாலு புதன் என்றால் 1,200-க்குள் முடிந்துவிடும். மாதம் ஒருமுறை கறித் தோசை, அயிரை மீன் குழம்பு என்று கொஞ்சம் பெரிதாகப் போவோம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே சொந்தங்கள் ஒரு கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையின் விலையில் எங்களுக்கு ஒரு வருடப் புதன்கிழமைகள் ஓடிவிடும். சேலையை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் பீரோவில் மடித்து வைத்தால் செலவு, வயிற்றுக்குள் போனால் விரயம் என்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை.

அடுத்தது உடம்பு. எனக்குச் சர்க்கரை, அவருக்கு பிரஷர். ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹோட்டலில் உப்பும் எண்ணெயும் தூக்கல்தான், மறுக்கவில்லை. அதனால்தான் வாரம் ஒருமுறை. போனால் ஊறுகாய், அப்பளம் தொடுவதில்லை, சாம்பாரை வாளி வாளியாக வாங்குவதில்லை. வடை போடுகிற எண்ணெய் கறுத்துப் போயிருந்தால் அன்றைக்கு வடை கிடையாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. அந்த அளவை நம் கண்ணால் அளக்க முடியாது. நிறமும் வாடையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். இத்தனையும் பார்த்துச் சாப்பிட்டால் வாரம் ஒரு வேளை ஒன்றும் செய்துவிடாது. மிச்சம் இருபது வேளை வீட்டுச் சாப்பாடுதானே?

"என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?" என்பது மூன்றாவது கேள்வி. வராது. வர வேண்டியதும் இல்லை. சில பண்டங்கள் வீட்டுக்கு உரியவை, சில பண்டங்கள் கடைக்கு உரியவை. அயிரை மீனை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்கூட இருக்காது. உயிரோடு வாங்கி வந்து பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு, உள்ளே இருக்கிற மண்ணைக் கக்க வைத்து, உரசிக் கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். எங்கள் இடுப்புக்கு அது ஆகாது. சிம்மக்கல் கோனார் கடைக் கறித் தோசைக்கு அந்தக் கனமான கல் வேண்டும். மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பத்தை வீட்டில் செய்தால் அது வேறு ஒரு பண்டமாகத்தான் வரும். விளக்குத்தூண் ஜிகர்தண்டாவை அந்த வெயிலில், அந்த நெரிசலில் நின்று குடித்தால்தான் ஜிகர்தண்டா. பரோட்டாவுக்கு மாவை வீசுகிற கை ஒரு நாளில் வந்த கை இல்லை. இவற்றையெல்லாம் வீட்டில் செய்து தரச் சொல்லி மனைவியைக் கேட்கிறவர்கள், மாஸ்டரின் உழைப்பையும் மதிப்பதில்லை, மனைவியின் உழைப்பையும் மதிப்பதில்லை.

நாலாவது, "நாலு பேர் என்ன நினைப்பாங்க?" இதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். ஹோட்டலில் மேஜை போட்டு எல்லோரும் உட்காருவது நமக்குச் சும்மா கிடைத்தது கிடையாது. எந்தச் சாதிக்கு எந்தப் பக்கம் என்று இடம் பிரித்து வைத்திருந்த காலம் உண்டு. 'பிராமணாள்' என்று போர்டு மாட்டியிருந்ததை எதிர்த்து 1957-ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் முன்னால் மறியல் போராட்டம் நடத்தினார். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்ததை உங்களில் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டிக் கடைகளுக்குள்ளும் உணவகங்களுக்குள்ளும் யாரையும் வரக்கூடாது என்று தடுக்க முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது. உணவகம் என்பதை அரசியல் சட்டத்தில் பேர் சொல்லிப் போடுகிற அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்கிறது.

அந்தப் பட்டியலில் 'பாலினம்' இருப்பதைக் கவனித்தீர்களா? பழைய ஹோட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று திரை போட்ட தடுப்பு இருக்கும். பெண்கள் அதற்குள்தான் உட்கார வேண்டும். ஆர்டர் சொல்வது ஆண், பில் கொடுப்பது ஆண். இன்றைக்குத் திரை போய்விட்டது. ஆனால் அறுபது வயதுக்கு மேற்பட்ட எத்தனை பெண்கள் தனியாக ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்து, மேஜை பார்த்து உட்கார்ந்து, "ஒரு ரவா தோசை, ஒரு காபி" என்று சொல்வார்கள்? திரை நம் மனசுக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், விவரமானவர். காபிப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. குக்கருக்கு எத்தனை விசில், அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், எதுவும் தெரியாது. மாசக்கணக்கில் பன்னும் டீயுமாக ஓட்டினார். பிள்ளைகள் கூப்பிட்டும் போகப் பிடிக்கவில்லை. மனைவியை இழந்த துக்கம் ஒரு பக்கம் என்றால், பசித்த வேளைக்கு ஒரு சட்டி சோறு வடிக்கத் தெரியாத இயலாமை இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ந்து அவரை உட்கார வைத்துவிட்டன.

இதற்கு நேர் எதிராக எங்கள் பெரியம்மா. எத்தனை பேர் வந்தாலும் ஒற்றை ஆளாக நின்று சமைத்துப் போடுவார். பெரியப்பா காலமான பிறகு ஒருநாள் தனியாகப் பஸ்ஸில் வந்தார். வழியில் பஸ் பழுதாகி நாலைந்து மணி நேரம் தாமதம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வரிசையாக ஹோட்டல். கையில் பணமும் இருந்தது. "பொம்பளை ஒத்தையில எப்படி உள்ள போறது" என்று கூச்சப்பட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி பெஞ்சில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 70. ஊருக்கே சோறு போட்ட கை அது.

பிள்ளைகளே, இதை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கணவனும் மனைவியும் ஒரே நாளில் போவதில்லை. ஒருவர் முன்னால் போவார், ஒருவர் பின்னால் இருப்பார். நம் ஊரில் மனைவி பெரும்பாலும் வயதில் இளையவள், பெண்களுக்கு ஆயுளும் கொஞ்சம் கூடுதல். ஆகவே, பின்னால் இருக்கப் போவது அநேகமாக அவள்தான். அவரே இருந்தாலும் அந்த வீட்டில் பசி எடுக்காமல் இருக்காது. சமைக்கத் தெரியாத ஆணும், வெளியே போய் உட்கார்ந்து சாப்பிடத் தெரியாத பெண்ணும் ஆளுக்கொரு கால் இல்லாதவர்கள் மாதிரி. சேர்ந்து நிற்கும்போது தெரியாது. ஒருவர் விலகினால்தான் தெரியும். இதை அபசகுனமாகப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்.ஐ.சி. பாலிசி போடும்போது யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லையே?

அதனால் எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

புதன்கிழமை எந்தக் கடை என்று முடிவு செய்வது என் பொறுப்பு. ஆர்டர் நான் சொல்வேன், பில்லை நான் வாங்கிச் சரிபார்ப்பேன், நான்தான் கொடுப்பேன். ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று பார்ப்பேன். சில பெரிய ஹோட்டல்களில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போடுவார்கள். அது கட்டாயம் இல்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். பரிமாறுகிற தம்பி கையில் டிப்ஸை நேராகக் கொடுத்துவிடுவேன். மாதத்தில் ஒரு நாள் நான் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். முதல் தடவை நாலு பேர் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துவிட்டது. அவரவர் இலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அடுப்படி முழுக்க அவருடையது. 'முழுக்க' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வெங்காயம் உரித்துக் கொடுப்பதும் தேங்காய் துருவிக் கொடுப்பதும் உதவி. என்ன சமைக்கலாம் என்று யோசிப்பது, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, காய் வாங்குவது, சமைப்பது, மேடையைத் துடைப்பது, மிச்சத்தை எடுத்து வைப்பது, இது எல்லாம் சேர்ந்ததுதான் சமையல். அவர் மின்வாரிய அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் ஸ்பூன் போட்டு அளப்பார். அளக்கட்டும். சனிக்கிழமை நான் கூடத்தில் பேப்பர் படிப்பேன். உப்பு கூடினாலும் குறைந்தாலும் வாயைத் திறப்பதில்லை. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு இப்போது என்னைவிட நன்றாக வைக்கிறார். எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

தோசைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். சாப்பாட்டு மேஜையிலேயே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, அதன் மேல் தட்டையான இரும்புத் தோசைக்கல். மாவுப் பாத்திரம் நடுவில். ரெண்டு பேரும் உட்கார்ந்தபடியே ஆளுக்கொன்றாக ஊற்றி, பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொள்கிறோம். யாரும் நிற்பதில்லை.

அறிவியல் டீச்சர் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறாள், பொறுத்துக்கொள்ளுங்கள். கனமான இரும்புக் கல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய கல்லில் மாவை ஊற்றியதும் சூடு சட்டென்று இறங்கிவிடும், தோசை வெளுத்துப் போகும். ஆனால் கல் அளவுக்கு மேல் சூடானால் மாவு விழுந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், கரண்டி இழுக்காது. அதற்காகத்தான் மாஸ்டர் தண்ணீர் தெளிக்கிறார். மாவு பொங்குவதற்குக் காரணம் உளுந்தோடு கூடவே வருகிற லியூகோநாஸ்டாக் என்கிற பாக்டீரியா. அது விடுகிற கரியமில வாயுவை உளுந்தின் பசைத்தன்மை வெளியே போகாமல் பிடித்து வைக்கிறது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, அரை ஸ்பூன் வெந்தயம். ஊற வைப்பது அவர், அரைப்பது நான், கரைப்பது யார் கை என்பதில் மட்டும் இன்னும் பஞ்சாயத்து தீரவில்லை.

வெளியே சாப்பிடுவதால் வீட்டுச் சமையல் குறைந்துபோகும் என்கிறார்கள். எங்களுக்கு நடந்தது வேறு. ஒரு புதன்கிழமை தண்ணிச் சட்னி சாப்பிட்டோம். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இட்லி முங்குகிற அளவுக்கு ஊற்றுகிற அந்தச் சட்னிதான். "பொட்டுக்கடலை இருக்கு", "பச்சை மிளகாயை வதக்கிட்டுத்தான் அரைச்சிருக்காங்க", "வெங்காயம் உண்டு", "தேங்காய் கிடையவே கிடையாதுங்க" என்று மேஜையில் ஒரே விவாதம். மூன்று சனிக்கிழமை ஆனது, அந்த ருசிக்குப் பக்கத்தில் வருவதற்கு. கரண்ட் பில், மருந்துச் சீட்டு, பிள்ளைகள் போன் பண்ணினார்களா என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சே இல்லாமல் போயிருக்க வேண்டிய வயது இது. ஒரு சட்னி எங்களுக்கு மூன்று வாரத்துக்குப் பேச்சைக் கொடுத்தது.

ஓய்வு பெற்ற தம்பதிகளைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முப்பது வருடம் வேலையும் பிள்ளைகளும் நடுவில் இருந்து ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அது ரெண்டும் போன பிறகு, ஒரே வீட்டில் ஒருவர் டிவி முன்னாலும் ஒருவர் அடுப்படியிலும் இருபது வருடத்தை ஓட்டிவிடலாம். நிறைய வீடுகளில் அப்படித்தான் ஓடுகிறது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, பேச்சும் இல்லை. அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வெளிநாட்டிலும் சென்னை, பெங்களூருவிலும் இருக்கிற பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் ஊருக்கு வரும்போது அம்மாவை ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அங்கேயும் மெனு கார்டை நீங்களே வாங்கி, "அம்மாவுக்கு ரெண்டு இட்லி போதும்" என்று நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். கார்டை அவர்கள் கையில் கொடுங்கள். நேரம் கொடுங்கள். விலையைப் பார்த்துப் பயப்படுவார்கள், பயப்படட்டும், பிறகு பழகிவிடும். அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவதோடு நிறுத்தாமல், வீடியோ காலில் ரசம் வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு.

ஒன்று: கல்யாணமானவர்கள் இந்த வாரத்தில் ஒரு வேளை, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ரெண்டு பேராக வெளியே போய்ச் சாப்பிடுங்கள். தள்ளுவண்டிக் கடை இட்லியானாலும் சரி. வழக்கமாகப் பில் கொடுக்காதவர் அன்றைக்குக் கொடுக்க வேண்டும்.

ரெண்டு: வழக்கமாகச் சமைக்காதவர் ஒரு வேளைச் சாப்பாட்டை, யோசிப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரைக்கும், முழுசாகச் செய்ய வேண்டும். மற்றவர் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, உள்ளே இருந்து யோசனை சொல்லவும் கூடாது.

மூன்று: உங்கள் அம்மா கடைசியாகச் சூடான தோசையை உட்கார்ந்து சாப்பிட்டது எப்போது என்று கேட்டு எழுதுங்கள்.

சொந்தக்காரர்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாது. புதன்கிழமை சாயங்காலம் மட்டும் வீட்டுக்கு வராதீர்கள், நாங்கள் இருக்க மாட்டோம். சனிக்கிழமை வாருங்கள், அவர் சமையல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்